குழாயைப் பிடுங்கச் சொன்ன தத்துவம்

1. உத்தரவு

1996 ஏப்ரல் கடைசி வாரம். குருசடித் தெருவின் பொதுக்குழாயைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் எண்டு கேப் என்ற மூடியைப் போட்டு அடைக்கும்படி எனக்கு உத்தரவு வந்தது. தெருவுக்கு இருந்தது அந்த ஒரே குழாய்தான்.

நான் அப்போது திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பேரூராட்சியில் குடிநீர்ப் பிரிவின் ஒர்க் இன்ஸ்பெக்டர். ஊரின் பெயர் வேண்டாம். இதில் வரும் சிலர் இன்னும் பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் குறைந்துவிட்டது. அவர்கள் கையில் இருந்த சில கருத்துகள்மேல் குறையவில்லை.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் வால்வு எப்படித் திறப்பது, லீக் எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்கிறார்கள். அதெல்லாம் ஆறு மாதத்தில் கை பழகிவிடும். ஒரு பைலில் எழுதியிருக்கும் வாக்கியம் ஒரு தெருவின் தொண்டையை எப்படி நெரிக்கும் என்பது பழக எனக்குப் பல வருடம் ஆனது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

செயல் அலுவலரை எல்லோரும் ஈ.ஓ. என்போம். ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். யாரையும் மரியாதை குறைத்துப் பேச மாட்டார். மரியாதையாகவே எதையும் பிடுங்கச் சொல்வார்.

“ஏனுங்க இன்ஸ்பெக்டரு, அந்தக் குழாயில தண்ணி ஒழுங்கா வந்து எவ்வளவு நாளாச்சுங்க?”

“சரியா வர்றதில்ல சார். விடுற அன்னிக்கு வீட்டுக்கு ரெண்டு குடம் தேறினாலே பெரிசு. அப்புறம் காத்துதான்.”

“அப்ப அதை எதுக்குங்க வச்சிருக்கோணும்? ரிப்போர்ட்டுலயே வந்துருச்சு, பயன்பாடு இல்லாத குழாய்னு. எடுத்துப் போடுங்க.”

ரிப்போர்ட் எழுதியவர் சென்னையிலிருந்து வந்த ஆலோசகர். பொதுக்குழாய்களைக் குறைப்பது பற்றிச் சொல்ல வந்தவர். முன்பகல் பதினொரு மணிக்கு ஜீப்பில் அந்தத் தெருவுக்குப் போயிருக்கிறார். குழாயைச் சுற்றி ஓர் ஆள் இல்லை. முப்பது நாற்பது காலிக் குடங்கள் மட்டும் வளைந்து நின்றிருக்கின்றன. ‘மக்கள் வரத்து இல்லை, காலிப் பாத்திரங்கள் போட்டுவைக்கும் இடமாகிவிட்டது’ என்று எழுதிக்கொண்டு ஏறிப் போய்விட்டார்.

தெருவில் பணியாரம் சுட்டு விற்கும் பிலோமினா அக்காவிடம் போய் இதைச் சொன்னேன். அவர் கையில் சட்டுவம் இருந்தது. அதைக் கீழே வைக்காமலேயே கேட்டார்.

“ஏன் சார், அவுகளுக்குக் கண்ணு தெரியுமா? குடம் நிக்கிதுல்ல?”

“ஆள் இல்லைன்னு எழுதியிருக்காருக்கா.”

“குடம் நின்னா ஆளு நிக்கிதுன்னு அர்த்தம். ஆளு தோல் கம்பெனிக்குப் போயிருக்கு, கொத்து வேலைக்குப் போயிருக்கு. அதுவும் இங்கயே நின்னா அடுப்புல என்னத்த வைக்கிறது, அந்த ஆபீசர் தொப்பியையா?”

பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். பிலோமினா அக்கா சிரிக்கவில்லை. “குழாயப் பிடுங்கிட்டா அப்புறம் மேப்புறத்துக் கிணறுதான் சார். அதுல ஒரே உப்பு. இந்தப் பிள்ளைகளுக்கு அதைக் குடுத்துப் பாத்தாச்சு போன வருசம். வயித்தால போயி பெரியாஸ்பத்திரில கிடந்துச்சுக. பிடுங்கிருவீகளா?”

“பாக்கலாம்க்கா” என்றேன். அரசு வேலையில் அதிகம் பயன்படும் வார்த்தை அதுதான்.

2. படித்ததும் பார்த்ததும்

எனக்குப் படிக்கும் நோய் உண்டு. திண்டுக்கல் நூலகத்தில் சனிக்கிழமை மாலைகள் முழுக்கப் பொருளாதாரமும் தத்துவமும்தான். மொழிபெயர்ப்பு கிடைத்தால் தமிழில், கிடைக்காவிட்டால் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இங்கிலீஷில். எந்தப் புத்தகம் எந்த மாதம் எடுத்தேன் என்று இன்றும் சொல்வேன்.

1993 மழைக்காலத்தில் ஒரு பழைய கேள்வியைப் படித்தேன். உயிருக்கு வேண்டிய தண்ணீர் ஏன் மலிவு, எதற்கும் உதவாத வைரம் ஏன் விலை அதிகம் என்ற கேள்வி. பதில் அழகாக இருந்தது. தண்ணீர் ஏராளம், வைரம் அரிது. கூடுதலாகக் கிடைக்கும் ஒரு குடம் தண்ணீருக்கு யாரும் பெரிதாக விலை கொடுக்க மாட்டார்கள். பஸ்ஸில் வீடு திரும்பும்போது அதையே நினைத்து மகிழ்ந்துகொண்டு வந்தேன். மறுநாள் குருசடித் தெருவில் பைப்பு உடைப்புப் பார்க்கப் போனேன். கூடுதலான ஒரு குடத்துக்காக இரண்டு பெண்கள் முடியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பதிலை எழுதியவர்கள் குழாயில் எப்போதும் தண்ணீர் வரும் ஊரில் உட்கார்ந்து எழுதியவர்கள் என்று அன்று தோன்றியது.

இன்னொரு கருத்து இன்னும் மோசம். பொதுவாக இருப்பது எதுவும் பாழாகும், ஏனென்றால் ஒவ்வொருவரும் தன்னால் முடிந்த மட்டும் அள்ளுவார், காப்பாற்ற யாரும் இருக்க மாட்டார் என்பது. ஆலோசகர் இதைத்தான் மாவட்டப் பயிற்சிக் கூட்டத்தில் ஸ்லைடு போட்டுச் சொன்னார். நான் எழுந்து கேட்டேன்.

“சார், எங்க ஊர்ல பொதுக்குழாய்ல யாரும் அதிகமா அள்றது இல்ல. வரிசை இருக்கு.”

“வரிசையெல்லாம் தற்காலிகம் மிஸ்டர். ஹ்யூமன் நேச்சர்னு ஒண்ணு இருக்கு.”

மத்தியானச் சாப்பாடு வந்துவிட்டது. பேச்சு அதோடு முடிந்தது.

அந்த ‘தற்காலிக’ வரிசை எனக்குத் தெரிந்தே பல வருடமாக நின்றுகொண்டிருந்தது. அதற்குச் சட்டம் உண்டு. வீட்டுக்கு ஒரு குடம் வரிசையில் நிற்கும். கழுத்தில் துணி கட்டியது, நகப்பாலிஷ் பொட்டு வைத்தது, வாய் நெளிந்தது என்று ஒவ்வொன்றுக்கும் அடையாளம். முதல் சுற்றில் வீட்டுக்கு இரண்டு குடம். எல்லா வீடும் பிடித்த பிறகுதான் அடுத்த சுற்று. சாவு விழுந்த வீட்டுக் குடமும் பிள்ளை பெற்ற வீட்டுக் குடமும் கேட்காமலே முன்னால் போகும். இன்னொருவர் குடத்தை நகட்டவே கூடாது. நகட்டினால் நகட்டியவர் குடத்தைக் கவிழ்த்து வைப்பார்கள். கவிழ்த்த குடத்துக்கு அன்று தண்ணீர் இல்லை. கவிழ்த்தது யார் என்று கேட்கும் பழக்கமும் இல்லை. போலீஸ் இல்லை, தலைவர் இல்லை, எழுதி ஒட்டிய பலகை இல்லை.

பொதுவானது பாழாகும் என்பவர் இதைப் பார்த்திருந்தால் குறைந்தபட்சம் ஒரு அடிக்குறிப்பாவது போட்டிருப்பார்.

3. புரொபசர் வீட்டு மோட்டார்

தண்ணீர் ஏன் குருசடித் தெருவுக்கு வரவில்லை என்பதில் ரகசியம் எதுவும் இல்லை. மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் பைப்பு மெயின் ரோடு வழியாகப் போய்க் கடைசியில் அந்தத் தெருவில் முடிகிறது. மெயின் ரோட்டு வீடுகளில் பாதிப் பேர் வீட்டு இணைப்பில் நேரடியாக மோட்டார் வைத்து இழுத்தார்கள். வால்வைத் திறந்ததும் வரிசையாக மோட்டார்கள் உறுமும். கடைசியில் இருப்பவனுக்குக் காற்றுதான் வரும். சட்டப்படி குற்றம். எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை.

மெயின் ரோட்டில் ஒரு வீடு, ஓய்வுபெற்ற பொருளாதாரப் பேராசிரியர் ராஜமாணிக்கம் சாருடையது. எனக்கு ஆசானைப் போல. அவர் அலமாரியிலிருந்து எடுத்துப் படித்த புத்தகங்கள் பல. ஞாயிறு காலை அவர் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து பேசினால் நேரம் போவது தெரியாது. அவர் வீட்டிலும் மோட்டார் இருந்தது. ஒளித்து வைக்கவில்லை. செம்பருத்திச் செடிக்குப் பக்கத்தில் தகர மூடி போட்டு உட்கார்ந்திருந்தது.

மே மாத முதல் ஞாயிறு, குழாய் விஷயத்தைச் சொல்லி, “சார், நீங்களாவது அதைக் கழட்டிருங்க” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. வகுப்பில் சொல்வதுபோல் சொன்னார். “யோசிச்சுப் பாருப்பா. நான் ஒருத்தன் கழட்டினா என்ன ஆகும்? என் பங்குத் தண்ணி பக்கத்து ரைஸ் மில்காரன் மோட்டாருக்குப் போகும். உன் தெருவுக்குச் சொட்டுக்கூட கூடாது. நான்தான் முட்டாளாவேன். எல்லாரும் ஒரே நேரத்துல நிறுத்தினா நானும் நிறுத்துறேன். ஆனா யாரும் முதல்ல நிறுத்த மாட்டான். இதுதான் பிரச்சினையே.”

“அப்ப குழாயப் பிடுங்கிட வேண்டியதுதானா?”

“உணர்ச்சிவசப்படாத. நான் நடைமுறையச் சொல்றேன்.”

அவர் சொன்ன தர்க்கத்தில் ஓட்டை இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. முட்டாள்தனமாகப் பேசியிருந்தால் சிரித்துவிட்டு வந்திருப்பேன். ஒவ்வொரு படியும் சரியாக இருந்து, கடைசிப் படியில் நாற்பது வீட்டுப் பிள்ளைகள் உப்புக் கிணற்றில் போய் நின்றார்கள். காபி கொண்டுவந்து வைத்த அவர் மனைவி பார்வதி அம்மா, நாங்கள் பேசியதைக் கேட்டுக்கொண்டே நின்றார்.

சைக்கிளை மிதித்துக்கொண்டு போகும்போதுதான் அவர் சொன்ன ஒரு வரி திரும்பத் திரும்ப வந்தது. எல்லாரும் ஒரே நேரத்துல. எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில் நிற்கும் நாள் ஒன்று மாதாமாதம் வந்துகொண்டுதான் இருந்தது.

4. ஷட்டவுன் நாள்

கரண்ட் ஆபீஸ்காரர்கள் பராமரிப்புக்காக மாதத்தில் ஒரு நாள் காலையிலிருந்து மாலை வரை ஊர் முழுக்கக் கரண்டை நிறுத்துவார்கள். பேப்பரிலும் வரும். அன்று எங்கள் பம்பும் ஓடாது என்பதால் தண்ணீர் விடும் வழக்கம் இல்லை. ஆனால் தொட்டியில் முந்தின நாளே நிரப்பி வைத்திருந்தால் கீழே இறங்கக் கரண்டு தேவையில்லை. உயரத்தில் இருக்கும் தண்ணீர் கீழே வந்தே தீரும்.

பம்ப் ஆபரேட்டர் முத்தையாவிடம் சொன்னேன். அவன் மனைவி பிறந்தது குருசடித் தெருவில்.

“ஏலே முத்தையா, நாளைக்கு ஷட்டவுன். இன்னிக்குச் சாயங்காலமே தொட்டிய ரொப்பி வச்சிரு.”

“எதுக்கு சார்?”

“காலையில வால்வத் திறக்குறோம்.”

அவன் பல்லெல்லாம் தெரிய, “என் மாமியார் எனக்குக் கோழி அடிப்பாக சார்” என்றான்.

மறுநாள் கரண்டு போனதும் வால்வைத் திறந்தோம். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு குருசடித் தெருவுக்குப் போவதற்குள் தண்ணீர் எனக்கு முன்னால் போயிருந்தது. குழாயின் வாயிலிருந்து இறங்கியது, குடத்தின் அடியில் அடித்து வெளியே தெறித்தது. பெண்கள் கத்தினார்கள். வேலைக்குப் போகாமல் வீட்டிலிருந்த கிழவர்கள் அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிலோமினா அக்கா பணியாரச் சட்டியை இறக்கிவைத்துவிட்டு ஓடிவந்தார்.

“இம்புட்டுத் தண்ணி இந்தக் குழாய்க்குள்ள எங்க சார் இருந்துச்சு?”

“மெயின் ரோட்டுல இருந்துச்சுக்கா.”

ஈ.ஓ.வைக் கூப்பிட்டு வந்து காட்டினேன். நின்று பார்த்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்த என் மடத்தனத்தை என்ன சொல்வது. மத்தியானத்துக்குள் மெயின் ரோட்டிலிருந்து அவருக்கு ஏகப்பட்ட போன்.

“ஏனுங்க, யாரைக் கேட்டுங்க திறந்தீங்க? வரி கட்டுறவங்க வீட்டு மாடித் தொட்டிக்கு ஏறலைங்களாம். இனிமே ஷட்டவுன் அன்னிக்கு வால்வத் தொடக் கூடாதுங்க.”

“குழாய் உயிரோடதான் இருக்குன்னு பாத்தீங்கல்ல சார்?”

“அது ஷட்டவுன்ல வந்த தண்ணி. கணக்குல சேராது. வர்ற வியாழக்கிழமை எப்பவும்போல விடுவோம். அன்னிக்கு அங்க ஒழுங்கா வந்தா குழாய் இருக்கட்டும். வரலைன்னா எடுத்துருங்க. இதுக்கு மேல என்னால எறங்கி வர முடியாதுங்க.”

புவியீர்ப்பு விசையைக் கணக்கில் சேர்க்க மாட்டேன் என்ற ஒரே அதிகாரியை நான் பார்த்திருக்கிறேன். அன்று மாலை குருசடித் தெருவுக்குப் போய் நடந்ததை அப்படியே சொன்னேன். யாரும் அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. பிலோமினா அக்கா மட்டும், “வியாழக்கிழமை காலையில ஆறு மணிக்குத்தான விடுவீக?” என்று கேட்டுக்கொண்டார்.

5. வரிசை இடம் மாறியது

வியாழக்கிழமை விடிந்தபோது குருசடித் தெருக் குழாயடியில் ஒரே ஒரு குடம் நின்றது. மற்ற எல்லாம் மெயின் ரோட்டில், மோட்டார் இருக்கும் வீட்டு வாசல் ஒவ்வொன்றிலும், கேட்டை ஒட்டி, வரிசையாக. பெண்கள் எதிர்ப்பக்கம் அடைத்த கடைப் படிகளில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். கோஷம் இல்லை, கொடி இல்லை.

பேராசிரியர் பேப்பர் எடுக்க வெளியே வந்தார்.

“என்னம்மா இது, வாசல்ல?”

“எங்க வரிசை சார்” என்றார் பிலோமினா அக்கா.

“உங்க குழாய் அங்கல்ல இருக்கு?”

“குழாய் அங்கதான் இருக்கு. தண்ணி இங்கல்ல வருது. தண்ணி வர்ற எடத்துலதான வரிசை போடணும்?”

பக்கத்து ரைஸ் மில் அண்ணாச்சி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, வால்வைத் திறக்க என்னோடு வந்திருந்த முத்தையாவைக் கூப்பிட்டார். “ஏலே முத்தையா, இதையெல்லாம் எடுத்து ஓரமா வையிடா. கார் எடுக்கணும்.”

“நான் குடத்தத் தொட்டா எனக்கு வீட்ல சோறு கிடையாது அண்ணாச்சி. நீங்களே எடுங்க.”

அண்ணாச்சி குனிந்தார். உள்ளேயிருந்து அவர் அம்மாவின் குரல் வந்தது: “ஏலே, அடுத்தவ குடத்துல கை வைக்காத. நல்லதுக்கில்ல.” அவர் நிமிர்ந்தார். மெயின் ரோட்டில் மாடி கட்டியவர்கள் எல்லோரும் ஒரு தலைமுறைக்கு முன் குழாயடியிலும் கிணற்றடியிலும் குடம் போட்டு நின்ற குடும்பங்கள்தான். கார் வாங்கியிருந்தார்கள். அடுத்தவர் குடத்தை நகட்ட மட்டும் அவர்களுக்குக் கை வரவில்லை.

ஆறு மணிக்கு வால்வைத் திறந்தோம். மோட்டார்கள் உறுமத் தொடங்கின. எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார்கள்.

முதலில் நின்றது பேராசிரியர் வீட்டு மோட்டார். நிறுத்தியது அவரல்ல. பார்வதி அம்மா சுவிட்சை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “வரிசையில குடம் நிக்கிறப்ப முந்திப் பிடிக்கக் கூடாதுங்க. எங்க ஊர்லயும் அப்படித்தான்.”

பேராசிரியர் மனைவியையும் அண்ணாச்சியையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணாச்சி, “எல்லாரும் நிறுத்தினா நானும் நிறுத்துறேன், எனக்கென்ன” என்று முனகிக்கொண்டே உள்ளே போனார். அவர் மோட்டாரும் நின்றது. எல்லா வாசலிலும் குடம் இருந்ததால் யாருக்கும் அடுத்தவன் ஏமாற்றிவிடுவான் என்ற பயம் இல்லை. ஒவ்வொன்றாக ஓய்ந்து, ரோட்டில் காக்கைச் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் குருசடித் தெரு முனையிலிருந்து ஒருத்தி, “யக்கா, வந்துருச்சு!” என்று கத்தினாள்.

நான் போய் ஈ.ஓ.விடம் சொன்னேன். வந்து பார்த்தார். “சரிங்க, இருக்கட்டுங்க” என்றார். அந்த வாரத்திலேயே மெயின் ரோட்டுக்காரர்களே ஆபீசுக்கு வந்தார்கள். தன் வீட்டு மோட்டாரை மட்டும் எடுத்தால் போதாது, எல்லார் வீட்டிலும் எடுக்க வேண்டும் என்று ஒவ்வொருவரும் வற்புறுத்தினார்கள். நானும் முத்தையாவும் ஒரே நாளில் பைப் ரெஞ்சை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கழற்றினோம். இடையிடையே ஓரிருவர் திரும்பவும் மாட்டினார்கள், குடம் வாசலுக்கு வந்தது, கழற்றினார்கள். 2004இல் நான் மாறுதலாகிப் போகும்வரை அந்தக் குழாயில் தண்ணீர் வந்தது.

6. மிச்சக் கோபம்

அடுத்த ஞாயிறு பேராசிரியர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். உற்சாகமாக இருந்தார்.

“பாத்தியாப்பா, ஊக்கமும் தண்டனையும் மாறினா மனுஷன் நடத்தை மாறும். வாசல்ல குடம் இருக்கறது ஒரு செலவு. அந்தச் செலவு கூடினதும் மோட்டார் நின்னுருச்சு. தியரி சரியாத்தான் இருக்கு.”

அதுவரை அவர் எதிரில் நான் குரலை உயர்த்தியதில்லை.

“உங்க தியரி உங்க கேட்டோட முடிஞ்சுருது சார். எங்க பைப்பு அதுக்கு அப்புறமும் போகுது” என்றேன். பார்வதி அம்மா செய்ததை அவர் எந்தக் கணக்கில் எழுதினார் என்றும் கேட்டேன். அந்த அம்மாவுக்கு எந்தச் செலவும் வரவில்லை, யாரும் மிரட்டவில்லை. ஒரு முறையை மதித்தார், அவ்வளவுதான். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அவ பழைய காலத்து ஆளுப்பா” என்றார். தன்னோடு ஒரே வீட்டில் வாழும் மனுஷியைப் பற்றி அவரிடம் இருந்த ஒரே விளக்கம் அது.

சில வருடம் கழித்து வந்த ஓர் அறிக்கையில், எங்கள் ஊரில் மோட்டார்கள் நீங்கியது ‘விழிப்புணர்வுப் பயிற்சியின் பலன்’ என்று இருந்தது. குடம் என்ற சொல்லே அதில் இல்லை.

நான் படிப்பதை விடவில்லை. எந்த வீட்டில் பிறப்போம் என்று தெரியாத நிலையில் உட்கார்ந்து பங்கீட்டு விதிகளை எழுத வேண்டும் என்ற ஒரு கருத்தையும் பின்னால் படித்தேன். நல்ல கருத்து. மெயின் ரோட்டில் பிறந்தவர்களுக்கு அதைக் கற்பனை செய்து பார்க்கப் பெரிய மூளைப் பயிற்சி தேவைப்படுகிறது. சாவு வீட்டுக் குடத்தை முன்னால் விடுகிறவளுக்கு நாளைக்குத் தன் வீட்டிலும் சாவு விழும் என்று தெரியும். கற்பனை தேவையில்லை.

வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். நிறையப் படியுங்கள். ஆனால் ஒரு பைலில் ‘மனித இயல்பு’ என்ற சொல்லைப் பார்த்தால் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். அதை எழுதியவர் வீட்டில் தண்ணீர் எப்படி வருகிறது என்று முதலில் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். தன் மோட்டாருக்கு அவர் வைத்திருக்கும் பெயர்தான் அந்த இயல்பு.